ஆலைக்கு வெளியே நின்றுவிட்ட ஊழியம்

(ராஜபாளையத்தில் வாலிபர் கூடுகையில் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுத்த நேரம் அரை மணி. அதில் பத்து நிமிஷத்தை இசைக்குழுத் தம்பிமார் மைக் சரிபார்ப்பதற்கே எடுத்துக்கொண்டார்கள். (சிரிப்பு) ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

வாலிபர் ஊழியம் என்கிறோமே, அது எங்கே பிறந்தது? ஆலயத்துக்குள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். சரித்திரம் வேறு மாதிரி சொல்கிறது. 1780-இல் இங்கிலாந்தில் குளோஸ்டர் என்ற ஊரில் ராபர்ட் ரெய்க்ஸ் என்ற பத்திரிகைக்காரர் ஞாயிறு பள்ளி தொடங்கினார். ஏன் ஞாயிற்றுக்கிழமை? அந்த ஊர்ப் பிள்ளைகள் மற்ற ஆறு நாளும் குண்டூசித் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தார்கள். ஞாயிறு ஒன்றுதான் கிடைத்தது. அன்றைக்கு அவர்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தார். 1844 ஜூன் 6-ஆம் தேதி லண்டனில் ஒய்.எம்.சி.ஏ. தொடங்கிய ஜார்ஜ் வில்லியம்ஸ் யார்? ஒரு ஜவுளிக்கடைச் சிப்பந்தி. வயது 22. பகலெல்லாம் கடையில் நின்று, ராத்திரி அதே கட்டடத்தில் படுத்து எழுந்த பையன்களைச் சேர்த்துக்கொண்டு தொடங்கினார். பெல்ஜியத்தில் ஜோசப் கார்டைன் என்ற கத்தோலிக்கக் குரு இளம் தொழிலாளர் இயக்கம் கட்டினாரே, அதற்கு வித்து எது? குருமடத்திலிருந்து விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது, தன்னோடு படித்து ஆலை வேலைக்குப் போய்விட்ட நண்பர்கள் தன்னை அந்நியனைப் போலப் பார்த்ததைக் கண்டார். அந்தப் பார்வை அவரை விடவில்லை.

மூன்றுமே வேலைத்தலத்தின் வாசலில் பிறந்தவை. அந்த வாசலை நாம் விட்டுவிட்டோம். இன்றைக்கு என்னுடைய வழக்கு இது ஒன்றுதான்.

இந்த ஊரில் நின்றுகொண்டு இதைச் சொல்லாமல் வேறு எந்த ஊரில் சொல்வது? 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா இங்கே நூற்பாலை தொடங்கினார். அதிலிருந்து ராஜபாளையம் ஆலை ஊர். பக்கத்தில் சத்திரப்பட்டி, ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணி அங்கே தறியில் ஓடுகிறது. தளவாய்புரம் பக்கம் நைட்டித் தையல். கொஞ்சம் தள்ளிப் போனால் சிவகாசியின் பட்டாசும் அச்சகமும். இந்தத் தொழில்களையெல்லாம் தாங்கி நிற்பது யாருடைய கை? உங்கள் வயசுப் பிள்ளைகளின் கை.

அந்தப் பிள்ளைகள் இந்த மண்டபத்தில் எத்தனை பேர்? கை தூக்கச் சொல்ல மாட்டேன். கல்லூரிப் பிள்ளைகள் நிறைய இருக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் ஆலை விடுதியில் இருக்கிற தங்கச்சி இங்கே இல்லை. அவளுக்கு அரை நைட் ஷிப்ட்டாக இருக்கலாம். அல்லது விடுதியை விட்டு வெளியே வர வார்டன் அனுமதி இல்லாமல் இருக்கலாம்.

ஸ்பின்னிங் பகுதிக்குள் போய்ப் பாருங்கள். இழை அறுந்துபோகாமல் இருப்பதற்காக உள்ளே காற்றை எப்போதும் ஈரமாகவே வைத்திருப்பார்கள். நூலுக்கு நல்லது, மனுஷருக்கு அது வேர்வையும் புழுக்கமும். நீளமான ரிங் ஃபிரேமுக்கு முன்னால் அந்தப் பெண் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்துகொண்டே இருக்கிறாள். எங்கே இழை அறுகிறதோ அங்கே ஓடிப்போய் ஒட்ட வேண்டும். உட்கார முடியாது. பஞ்சு முடியில் ஒட்டியிருக்கும், புருவத்தில் ஒட்டியிருக்கும், நெஞ்சுக்குள்ளும் போகும். மூன்று வருஷம் வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை கிடைக்கும் என்று சொல்லி, 'சுமங்கலித் திட்டம்' என்று பேரும் வைத்து, தமிழ்நாட்டு ஆலைகளுக்குப் பெண்பிள்ளைகளைக் கூட்டி வந்த கதை உங்களுக்குத் தெரியும். முழுக் காலம் முடிப்பதற்குள் உடம்பு படுத்துவிட்டால் அந்தத் தொகையும் கிடைக்காமல் ஊர் திரும்பியவர்கள் உண்டு.

அவளுக்காக நம்முடைய வாலிபர் சங்கம் என்ன செய்தது? மாதம் ஒரு முறை எல்.இ.டி. திரை பிடித்தோம். புகை விடுகிற மெஷின் பிடித்தோம். பிளெக்ஸ் போர்டில் பிரசங்கியார் முகம் நாலடி, இயேசுவின் பெயர் நாலு அங்குலம். (கைதட்டல்) கைதட்டாதீர்கள், அந்த போர்டுக்குக் காசு கொடுத்தது நாம்தான்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, தீர்க்கதரிசனக் கூட்டம். 'இந்த வருஷம் உனக்கு அரசு வேலை' என்று மேடையிலிருந்து கையை நீட்டிச் சொல்கிறவர்கள். நல்லது, கிடைக்கட்டும். ஆனால் இப்போது பார்க்கிற வேலையில் உனக்கு பி.எஃப். பிடிக்கிறார்களா, ஈ.எஸ்.ஐ. கார்டு கொடுத்தார்களா என்று அந்தத் தீர்க்கதரிசிகளில் ஒருவராவது கேட்டதுண்டா? ஆமோஸ் தீர்க்கதரிசி கேட்டிருப்பார். அவர் ஆடு மேய்த்தவர், காட்டத்திப் பழம் பொறுக்கியவர். கள்ளத் தராசு வைத்து ஏழையை ஏய்க்கிறவர்களை நேருக்கு நேர் கேட்டார். நியாயம் இல்லாத இடத்தில் பாட்டுச் சத்தம் ஆண்டவருக்கு இரைச்சல் என்றார். இன்றைக்கு அவர் வந்தால் நம்முடைய கன்வென்ஷன் பந்தலில் அவருக்கு மைக் கொடுப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்.

பட்டாசுக்கு வருகிறேன். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து ஏறத்தாழ நாற்பது பேர் செத்தார்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் இருபது பேருக்கு மேல். மருந்து அறையில் இத்தனை பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்று விதி இருக்கிறது. உள்குத்தகைக்கு விடக் கூடாது என்று இருக்கிறது. சீசன் நெருங்கும்போது அந்த விதியெல்லாம் காற்றில் போகிறது. வெடித்த மறுநாள் நாம் போகிறோம், கண்ணீரோடு ஜெபிக்கிறோம், அரிசிப் பை கொடுக்கிறோம். வேண்டாம் என்று சொல்லவில்லை. வெடிப்பதற்கு முந்தின நாள் போகிற ஊழியம் எங்கே? ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம் என்று நம்முடைய விடுமுறை வேதாகமப் பள்ளியில் ஒரு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்திருந்தால், அது வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லியிருக்குமே!

'இது யூனியன்காரன் பேச்சு, ஊழியம் அல்ல' என்று பின்னால் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. ஐயா, இந்த மண்ணுக்கு சுவிசேஷம் எப்படி வந்தது என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தாமஸ் கஜெட்டன் ராக்லாந்து கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முன்வரிசையில் தேறி, அங்கேயே ஒரு கல்லூரியில் ஃபெல்லோவாக இருந்தவர். சென்னையில் சி.எம்.எஸ். என்ற மிஷனரி சங்கத்தின் செயலாளர் நாற்காலி அவருக்கு இருந்தது. அதை விட்டுவிட்டு 1854-இல் வட திருநெல்வேலிக்கு வந்தார். அன்றைக்கு வட திருநெல்வேலி என்றால் சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம்தான். பங்களா கட்டவில்லை. கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு கரிசல் காட்டு வெயிலில் ஊர் ஊராக நடந்தார். 1858 அக்டோபர் 22-ஆம் தேதி சிவகாசியில் ரத்தம் கக்கிச் செத்தார். வயது 43. அவர் கண்ணால் பார்த்த அறுவடை சொற்பம். நம்முடைய ஆண்டறிக்கையில் 'ஆத்துமாக்கள் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதை வைத்து அளந்தால் ராக்லாந்து ஃபெயில்.

அவரோடு நடந்த தமிழ் உபதேசியார்களை அவரைவிடப் பெரிதாக நினைக்கிறேன். தெற்கத்திச் சபைகள் தங்கள் ஆட்களைத் தங்கள் செலவில் முறைபோட்டு இங்கே அனுப்பின. வெள்ளைக்காரன் காசு அல்ல, தமிழ்க் கிராமத்துக் காசு. பின்னாளில் வெள்ளாளன்விளைக்காரரான அசரியா என்பவரும் அதையே பெரிதாகச் செய்தார். 1902-இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்கேயுள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே மிஷனரியை அனுப்புவதைப் பார்த்து வெட்கப்பட்டார். மறு வருஷமே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. வாலிபர் ஊழியம் என்றால் அது.

இப்போது கசப்பான ஒன்று. 1997-இல் இந்த வட்டாரத்தில் நடந்தது இளையவர்களுக்குத் தெரியாது. அரசுப் போக்குவரத்துக் கழகம் ஒன்றுக்கு ஒடுக்கப்பட்ட சமூகத்து வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் வைத்ததற்காக ஊர்கள் சாதிச் சண்டையில் பற்றி எரிந்தன. பஸ்ஸில் எழுதிய ஒரு பெயரைத் தாங்க முடியவில்லை நமக்கு! கடைசியில் அரசு எல்லாத் தலைவர்கள் பெயரையும் மாவட்டங்களிலிருந்தும் பஸ்களிலிருந்தும் எடுத்துவிட்டது. காமராஜர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆனது. அது பழைய கதை என்கிறீர்களா? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளிக்கூடப் பையன்கள் சக மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் சாதியைக் காட்டக் கையில் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்கச் சொல்லியிருக்கிறது. சபை சொல்ல வேண்டியதை ஒரு ஓய்வுபெற்ற நீதிபதி சொல்ல வேண்டியதாயிற்று.

ஞானஸ்நானம் வாங்கிய கையில் கயிறு இருக்கலாமா? தம்பி, சட்டைக் கையை இறக்கி மறைக்காதே. நான் உன்னை மட்டும் சொல்லவில்லை. மணமகன் தேவை விளம்பரத்தில் 'கிறிஸ்தவ' என்ற சொல்லை ஒட்டி சாதிப் பெயரைப் போடுகிற உன் அப்பா, கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே சுவர் எழுப்புகிற பெரியவர், திருமண்டலத் தேர்தலில் சாதிக் கணக்குப் போடுகிறவர், இவர்கள் கட்டியிருக்கிற கயிறு இன்னும் தடிமன். வெளியே தெரியாது, அவ்வளவுதான்.

மார்கழியில் இந்தப் பக்கம் ஓர் அழகு உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் விடியற்காலையில் திருப்பாவை கேட்கும். ஆண்டாள் எனப்படும் கோதை என்ற இளம்பெண் தோழிமாரை வீடு வீடாகப் போய் எழுப்புகிற பாட்டு. அதே மாதம் ராத்திரியில் நம் பிள்ளைகள் கேரல் ரவுண்ட்ஸ் போகிறார்கள். அந்த ஆண்டாளின் கோபுரத்துக்கு எதிரே போய் நின்று துண்டுப்பிரசுரம் நீட்டுவதுதான் தைரியம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தைரியம் இல்லை, வம்பு. தைரியம் வேண்டுமென்றால் கேரல் வண்டி எந்தத் தெருவில் நிற்கிறது, எந்தத் தெருவை நிற்காமல் தாண்டுகிறது என்று கமிட்டியில் எழுந்து கேளுங்கள். போன டிசம்பரில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

அதிகம் பேசிவிட்டேன், மேடையில் இருக்கிற சபை ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். (சிரிப்பு) கேட்பது இவ்வளவுதான். அடுத்த கூடுகைக்கு எல்.இ.டி. திரை வேண்டாம். அந்தக் காசில் ஆலைப்பகுதியில் ஓர் அறை வாடகைக்கு எடுப்போம். ஞாயிறு சாயங்காலம் இரண்டு பேர் அங்கே உட்காருவோம். பி.எஃப். எண் தெரியாதவர்களுக்கு அதைக் கண்டுபிடித்துக் கொடுப்போம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரைக்கும் ஈ.எஸ்.ஐ. உண்டு என்று சொல்வோம். விண்ணப்பம் எழுதிக் கொடுப்போம். எந்த மதம் என்று கேட்க மாட்டோம், எந்தத் தெரு என்றும் கேட்க மாட்டோம். ஜெபிக்கச் சொன்னால் ஜெபிப்போம். கணக்கு தெரிந்த பி.காம். பிள்ளைகள், சட்டம் படிக்கிறவர்கள், நர்ஸிங் தங்கச்சிமார், ஆலையிலேயே வேலை பார்க்கிறவர்கள், எல்லாரும் வேண்டும்.

வாசலுக்குப் பக்கத்து மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பெயர், போன் நம்பர், எந்த ஞாயிறு வர முடியும், மூன்றையும் எழுதிவிட்டுச் சாப்பாட்டுக்குப் போங்கள்.