எடைக்குப் போடுவதற்கு முன்



பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்று தெருவில் கூவி வந்த வணிகரின் குரல் தமிழ்நாட்டில் பல தலைமுறைகளுக்குப் பழக்கமானது. அந்தக் கூவலில் பொருளின் பெயர் இராது. உலோகத்தின் பெயர் மட்டுமே இருக்கும். வாளியோ மிதிவண்டியோ தையல் எந்திரமோ, தராசில் ஏறிய கணமே அது இரும்பு. விற்பதற்கும் எடைக்குப் போடுவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. விற்ற வண்டி இன்னொருவர் வாசலில் வண்டியாகவே நிற்கும். காயலான் கடைக்குப் போன வண்டி அன்றே தன் பெயரை இழக்கும். விலையில் உள்ள வேறுபாடு இரண்டாவதுதான்.

துருப்பிடித்த ஒரு காரை முன்வைத்து இந்த வேறுபாட்டை இந்திய இலக்கியத்தில் மறக்கவியலாதபடி சொன்ன படைப்பு, வங்க எழுத்தாளர் சுபோத் கோஷின் 'அயாந்திரிக்' என்னும் சிறுகதை. ரித்விக் கட்டக் அதனை 1958இல் திரைப்படமாக்கினார். அவருடைய முதற்படமான 'நாகரிக்' 1952இலேயே முடிந்தும், அவர் மறைந்தபின் 1977இல்தான் வெளிவந்தது. ஆகவே மக்கள் முன் வந்த அவரது முதற்படம் இந்தக் காரின் கதைதான். 'அயாந்திரிக்' என்றால் எந்திரத்தன்மை அற்றது என்று பொருள்.

கதை நிகழுமிடம் சோட்டா நாகபுரி மேட்டுநிலம். அன்று பீகார், இன்று ஜார்க்கண்ட். மனைவி மக்கள் இல்லாத பிமல் என்னும் ஓட்டுநருக்கு உறவென்று இருப்பது ஒரு வாடகைக் கார் மட்டுமே. படத்தில் அது 1920ஆம் ஆண்டுச் செவர்லே. கூரை கிழிந்தது, கதவு சரியாக மூடாதது, மழையில் ஒழுகுவது. பிமல் அதற்கு ஜகத்தல் என்று பெயரிட்டிருக்கிறான். அசைக்கவியலாத பெரும்பாறையை வங்காளியர் அப்படிச் சொல்வதுண்டு. ஓடிப் பிழைக்க வேண்டிய வண்டிக்கு இப்படியொரு பெயர்! ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றினால் ஜகத்தல் தாகம் கொண்டதுபோல் மடமடவென்று குடிக்கிறது. முன்விளக்குகள் கண்களைப்போல் தாமே திரும்புகின்றன. ஊரார் நகைக்கிறார்கள். பிமலுக்கோ சினம் பொங்குகிறது.

இங்கே தொழிலறிந்தோர் ஒரு செய்தி சொல்வார்கள். எல்லாத் துருவும் ஒன்றல்ல. கதவிலும் மட்கார்டிலும் படர்வது மேல்துரு. சுரண்டி, ஒட்டுப்போட்டு, வண்ணம் பூசினால் தீரும். சேசிஸ் சட்டத்திலும், வில்தகடுகள் பொருந்தும் இடங்களிலும் இறங்கிய துரு அத்தகையது அன்று. ஜகத்தல் போன்ற பழங்கால வண்டிகளில் சேசிஸ் தனி, மேற்கூடு தனி. கூடு உளுத்தாலும் சட்டம் தாங்கும். பின்வந்த அம்பாசடர் போன்ற கார்களில் கூடே சட்டம். கதவுக்குக் கீழுள்ள பட்டையும் தரையும் அரிக்கப்பட்டுவிட்டால் வெளியே எவ்வளவு பளபளத்தாலும் வண்டியின் முதுகெலும்பு போய்விட்டது என்றே பொருள். நல்ல டிங்கர் வண்ணத்தைப் பார்ப்பதில்லை. தரைவிரிப்பை உயர்த்தித் திருப்புளியால் குத்திப் பார்ப்பார். திருப்புளி உள்ளே இறங்கினால் அதற்குமேல் பேச்சில்லை. துரு இரும்பைவிட மிகுதியான இடத்தைப் பிடிப்பதால், வண்ணத்தின் அடியில் கொப்புளமாய் எழும்பும் இடங்களிலும் அவர் விரலை வைத்து அழுத்துவார்.

பிமல் அந்தச் சோதனையைச் செய்யவே இல்லை. வாங்குவார் கிடைக்கக்கூடிய காலத்தில் விற்க மனம் இடந்தரவில்லை. வண்டி வழியில் படுத்துவிடும் காலம் வந்ததும் கையிலிருந்த பணத்தையெல்லாம் கொட்டிப் புதிய உறுப்புகள் வாங்கிப் பூட்டுகிறான். கணக்கறிந்த எவரும் இதை மூடத்தனம் என்பர். செலவிட்ட பணத்தைக் காப்பாற்ற மேலும் செலவிடுவது பழைய வண்டி வைத்திருப்போர் எல்லார்க்கும் உள்ள நோய்தான். அதன்பின் அவன் செய்வதுதான் கதையின் உயிர்நிலை. பழுதுபார்த்த வண்டியில் பாறைக்கற்களை ஏற்றுகிறான். சுமை தாங்கி ஓடு பார்க்கலாம் என்று விரட்டுகிறான். பாறையின் பெயர் தாங்கிய வண்டி பாறையின் சுமையால் ஒடிகிறது.

இந்தக் காட்சியைத் திறனாய்வாளர் பலர் ஏமாந்த காதலனின் சினமாகக் காண்பர். அது முழு உண்மையன்று. பிமலால் ஒரு முடிவெடுக்க முடியவில்லை. ஆகவே முடிவை வண்டியின் தலையில் ஏற்றினான். தாங்கினால் வைத்துக்கொள்ளலாம், ஒடிந்தால் பழி அதனுடையது. அன்பு மிகுந்த இடத்தில் நிகழும் கொடுமை பெரும்பாலும் இந்த வடிவில்தான் வருகிறது. இரக்கத்தோடு விற்றிருந்தால் இன்னொருவர் கையில் சில காலம் ஓடியிருக்கக்கூடிய வண்டி, பற்றினால் பிடித்துவைக்கப்பட்டு எடைக்கு மட்டுமே உரியதாயிற்று. பழைய இரும்பு வணிகர் வருகிறார், விலை பேசுகிறார், ஜகத்தல் துண்டுதுண்டாகிறது. சுபோத் கோஷின் கதை அந்த உடைப்பொலியைக் கல்லறை தோண்டும் ஒலியாகவே பிமலின் செவியில் விழச் செய்து முடிகிறது.

இக்காலத்தில் இந்த முடிவை ஓரளவு அரசே எடுத்துவிடுகிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டுகளுக்கு. அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. 2025இல் 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 10,000 ஆயிற்று. உடைக்கக் கொடுப்போர்க்குப் புதிய வண்டியின் விலையில் நூற்றுக்கு 4 முதல் 6 வரை கிடைக்கும் என்று 2021இல் அறிவித்த கொள்கை சொன்னது. பதிவுபெற்ற உடைப்பு நிலையம் வண்டியைப் பெற்றுக்கொண்டு சான்றிதழ் தருகிறது. சேசிஸ் எண் பொறித்த துண்டு மட்டும் தனியே வெட்டிச் சில காலம் பாதுகாக்கப்படுகிறது. எண் இருக்கும்வரை வண்டி முற்றிலும் இறக்கவில்லை என்பதை அலுவலகங்களும் அறிந்திருக்கின்றன! சான்றிதழ் பெறாமல் தெருமுனைக் கடையில் போட்டுவிட்டு வருவோர் இதை எண்ணுவதில்லை, ஆர்.சி. புத்தகத்தில் பெயர் நீங்காதவரை, அந்த எண்ணால் நேரும் வழக்குகள் பழைய உரிமையாளர் வாசலுக்கே வரும்.

கவிஞர்கள் கூடிய அவையில் இன்னொரு தராசையும் நினைவூட்டுவது தவறாகாது. விற்காத கவிதை நூல்களும் ஒருநாள் பழைய தாள் கடையில் எடைக்கே போகின்றன. அங்கும் நூலின் பெயரைக் கேட்பாரில்லை. நடைபாதைக் கடையில் பாதி விலைக்காவது போன நூல் பேறுபெற்றது. அது நூலாகவே போயிற்று. கட்டிவைத்த படிகளைக் கறையான் தின்னும்வரை காத்திருக்கும் நூலாசிரியர்களுக்குப் பிமல் அந்நியனல்லன்.

விற்பது, உடைப்பது என்னும் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. சென்னைப் புதுப்பேட்டைக் கடைகளில் அதைக் காணலாம். ஒரு வண்டியின் கதவு இன்னொன்றுக்கு, ஒன்றன் கியர்பாக்ஸ் மற்றொன்றுக்கு. முழுவண்டியை வாங்க ஆளில்லாதபோதும் அதன் உறுப்புகளுக்கு ஆளிருக்கிறது. அங்கே கதவு கதவாகவே விலை போகிறது, இரும்பாக அன்று.

கட்டக் தம் படத்தின் இறுதியில் இதனை உணர்ந்தே செய்திருக்கிறார். ஊரில் ஒரு பித்தர். நசுங்கிய அலுமினியப் பாத்திரமே அவருக்கு உயிர். புதிய பாத்திரம் கிடைத்ததும் பழையதை மறந்து குதிக்கிறார். பிமலுக்கு அந்த மறதி வாய்க்கவில்லை. ஜகத்தலின் துண்டுகள் வண்டியில் ஏறிப் போகின்றன. அவன் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அப்போது எங்கிருந்தோ அந்த ஹாரனின் ஒலி. திரும்பிப் பார்க்கிறான். கழன்று விழுந்த ஹாரன் ஒரு குழந்தையின் கையில் இருக்கிறது. குழந்தை அதை அழுத்தி அழுத்திச் சிரிக்கிறது. ஈரம் காயாத கண்களோடு பிமலும் சிரிக்கிறான்.