முதலில் மொட்டை மாடி



வீடு கட்டுபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "சார், எத்தனை டன் ஏ.சி. போடலாம்?" நான் திருப்பிக் கேட்பது, "மாடியில என்ன போட்டிருக்கீங்க?"

சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் மத்தியிலும் உச்சிப்பொழுதுச் சூரியன் நேர் தலைக்கு மேலே. சுவர்களைவிடக் கூரைக்குத்தான் அடி அதிகம். 5 அங்குல கான்கிரீட் பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி அறைக்குள் இறக்குகிறது. மின்விசிறி அந்தச் சூட்டுக் காற்றையே கீழே தள்ளும். மேல்மாடியில் படுக்கும் பெரியவர்களிடம் தூக்கம் எப்படி என்று கேட்டுப் பாருங்கள்.

பழைய கொத்தனார்கள் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, மேலே தட்டோடு பதித்தார்கள். ஒழுகாமல் இருக்க மட்டுமல்ல, சூடு இறங்குவதையும் அது தாமதப்படுத்தும். இன்று அதைச் செலவென்று தள்ளிவிடுகிறோம். (முகப்புக் கண்ணாடிக்கு மட்டும் எப்படியோ காசு வந்துவிடுகிறது!) முடியாவிட்டால் வெள்ளையாவது அடியுங்கள். புதுசாக அடித்த நல்ல வெள்ளைப் பூச்சு வெயிலில் ஏறக்குறைய முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பும். அழுக்கேறினால் குறையும், கோடைக்கு முன்னால் கழுவணும். மேற்கு ஜன்னலுக்கு நிழல் வெளிப்பக்கம் வேண்டும். உள்ளே திரை போடும்போது வெயில் வீட்டுக்குள் வந்தாச்சு.

இவ்வளவும் செய்துவிட்டு என்னிடம் வாருங்கள், டன் கணக்கு அப்புறம் பேசலாம்.