வீங்கிய காலுக்குச் சவர்க்காரமும் மருந்து

இலங்கையில் யானைக்கால் நோய் இனி ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினை அல்ல என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 2002 முதல் 2006 வரை எட்டு மாவட்டங்களில் வருடந்தோறும் மாத்திரை கொடுத்ததன் பலன் அது. அந்த எட்டில் நுவரெலியா இல்லை. மேல், தென், வடமேல் மாகாணங்கள்தான் நோயின் இடம். ஆனால் ஹட்டனிலிருந்து கொழும்புக்குக் கடைவேலைக்கும் வீட்டுவேலைக்கும் போனவர்கள் கொஞ்சமா? நுளம்பு சொந்த ஊர் கேட்டா கடிக்கிறது?

நுளம்புக்கடியால் உடலுக்குள் வந்த யானைக்கால் புழு செத்தாலும், பழுதான நிணநீர்க் குழாய் சரியாகாது, வீக்கம் தங்கிவிடும். அந்தக் காலோடு ஈர மலையில் கொழுந்து பறித்தால், அட்டைக்கடியும் விரலிடுக்குச் சேற்றுப்புண்ணும் கிருமிக்கு வாசல். குளிர்காய்ச்சல் வரும், கால் சிவந்து கொதிக்கும், ஒவ்வொரு முறையும் வீக்கம் கூடும்.

லயத்துக்குத் திரும்பியதும் சவர்க்காரம் போட்டு மெதுவாகக் கழுவுங்கள். தேய்க்க வேண்டாம். விரலிடுக்கை ஒற்றித் துடைத்து நன்றாக உலரவிடுங்கள். பலர் தவறவிடுவது இதைத்தான். படுக்கும்போது காலுக்குத் தலையணை. உட்கார்ந்திருக்கும்போது கணுக்காலை மேலும் கீழும் அசையுங்கள்.

எத்தியோப்பிய மலைகளில் புழுவே இல்லாமல், செம்மண்ணில் வெறுங்காலோடு உழைப்பதாலேயே கால் வீங்குகிறது. அங்கும் வைத்தியம் சவர்க்காரமும் சப்பாத்தும்தான்.

வீங்கிய கால் தொட்டால் ஒட்டாது. வீட்டில் கால் வீங்கிய அம்மாயி இருந்தால் அவரைத் தனியே உட்காரவைக்க வேண்டாம். காய்ச்சலோடு கால் சிவந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு, அன்றைக்கே தோட்டத்து டிஸ்பென்சரிக்கோ ஆஸ்பத்திரிக்கோ போங்கள்.