காணாமல் அளக்கும் ஒலியளவு



திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டை வாயிலைக் கடந்து உள்ளே சென்றால், பத்மநாபசுவாமி கோயிலைச் சூழ்ந்த அக்கிரகாரத் தெருக்களில் இன்றும் தமிழ் காதில் விழுகிறது. வெளியே சாலைக் கடைத்தெருவிலும் அப்படித்தான். ஆனால் அங்கே வளரும் பிள்ளைகளுள் பலர் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் கற்றவர்கள். வீட்டில் சரளமாகத் தமிழ் பேசுவார்கள். தமிழ்ப் புத்தகத்தைக் கையில் கொடுத்தாலோ எழுத்துக் கூட்டத் தடுமாறுவார்கள். மும்பையிலோ தில்லியிலோ குடியிருக்கும் உங்களுக்கு இது புதுச் செய்தியன்று. அத்தகைய வீட்டில் ஒரு பெரியவருக்குக் கண்பார்வை மங்கிவிட்டால், அவருக்குத் தமிழ் படித்துக் காட்ட ஆள் இராது. குரலில் பதிவான புத்தகம்தான் அவருக்குத் துணை.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 2012-ஆம் ஆண்டில் திருத்தப்பட்டபின், அச்சைப் படிக்க இயலாதோருக்காக, இலாப நோக்கமின்றி, ஒரு நூலைக் குரலில் பதிந்து தருவதற்கு வழி பிறந்தது. அன்பர்கள் பலர் இப்பணியில் ஈடுபடுகின்றனர். ஒரு நாவலை ஐந்து பேர் ஐந்து வீடுகளிலிருந்து பங்கிட்டுப் படிப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் மைக்கை வாயருகே வைத்துக்கொண்டு முழங்குவார். இன்னொருவர் எட்ட வைத்துவிட்டு முணுமுணுப்பார். பார்வையற்ற நேயரோ இயர்போனில் கேட்கிறார். அவருடைய கைப்பேசி தன் திரையிலுள்ளதைப் பேசிக் காட்டுவதும் அதே இயர்போனில்தான். மெல்லிய அத்தியாயத்துக்காக ஒலியைக் கூட்டினால் அடுத்த அத்தியாயம் செவியில் அறைகிறது. வழிகாட்டும் குரலும் அதில் அமிழ்ந்து போகிறது. ஆகவே ஒலியளவைச் சமன்படுத்துவதை அலங்கார வேலையென்று நான் கருதவில்லை. அது சரியாக இல்லாவிடில் புத்தகம் பாதியில் மூடப்படும்.

இந்த வேலையைப் பார்வையற்றவர் ஒருவரே செய்ய முடியுமா? ஒலியளவைக் காட்ட முள் ஆடும் வி.யூ. மீட்டர் என்னும் கருவி அமெரிக்க வானொலி நிலையங்களில் 1939-இல் வழக்குக்கு வந்தது. இன்று அந்த முள்ளின் இடத்தில் திரையில் வண்ணப் பட்டை ஏறி இறங்குகிறது. இரண்டும் கண்ணுக்கானவை. ஆனால் 2006-இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்றவரான மைக்கேல் கர்ரன் தொடங்கி, அவருடைய பார்வையற்ற நண்பர் ஜேம்ஸ் டேயும் சேர்ந்து வளர்த்த என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பான் கணினியில் விலையின்றிக் கிடைக்கிறது. திரையிலுள்ள எழுத்தை அது குரலாக்கித் தரும், தமிழும் வாசிக்கும். துள்ளும் பட்டையை மட்டும் அதனிடம் கேட்டுப் பயனில்லை. எண்ணைச் சொல்லி முடிப்பதற்குள் அந்த ஒலி கடந்து போயிருக்கும்.

பதிவு முடிந்து எல்லாம் அசையாமல் நிற்கும்போது வினவுவதே வழி. ஆடாசிட்டி என்னும் இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளில், முழுப் பதிவையும் தேர்ந்து ‘ஆம்ப்ளிஃபை’ என்ற கட்டளையைத் திறந்தால், ஓர் எண் தானாகவே நிரம்பியிருக்கும். இன்னும் எத்தனை டெசிபெல் உயர்த்தினால் ஒலியின் உச்சம் எல்லையைத் தொடும் என்பது அதன் பொருள். திரைவாசிப்பான் ‘ஒன்பது’ என்று படித்தால், உச்சம் எல்லைக்கு ஒன்பது டெசிபெல் கீழே இருக்கிறது என்று அறியலாம். எதையும் மாற்றாமல் எஸ்கேப் விசையைத் தட்டி வெளியே வந்துவிடலாம். பார்ப்பவர் மீட்டரில் தேடும் செய்தியும் இதுவே.

ஆனால் உச்சம் வேறு, காதுக்கு எட்டும் உரப்பு வேறு. கிழக்கேகோட்டைப் பேருந்து நிலையத்தருகே ஜன்னலைத் திறந்து வைத்துப் பத்து நிமிஷம் படிக்கிறீர்கள். நடுவே ஒரு பஸ் ஹாரன் அடிக்கிறது. அந்த ஒரு நொடி உச்சத்தைத் தொட்டுவிடும். உங்கள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தாலும், பெட்டி காட்டும் எண் பூஜ்யத்துக்கு அருகிலேயே நிற்கும். அப்போது பதிவைப் பாதி பாதியாகத் தேர்ந்து அதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். எந்தப் பாதியில் எண் சிறிதாக இருக்கிறதோ அங்கேதான் ஹாரன் ஒளிந்திருக்கிறது. நாலைந்து முறை வினவினால் பத்து நிமிஷம் அரை நிமிஷமாகச் சுருங்கும். மீதியைக் காது கண்டுபிடித்துவிடும். அந்தத் துண்டை மட்டும் தணித்துவிட்டு, ‘லவுட்னஸ் நார்மலைசேஷன்’ என்ற கட்டளையால் ஒவ்வொரு அத்தியாயத்தையும் ஒரே உரப்புக்குக் கொண்டுவரலாம். இதன் அளவை எல்.யூ.எஃப்.எஸ். எனப்படும். ஐரோப்பிய ஒலிபரப்பாளர் சங்கம் 2010-இல் ஏற்றது கழித்தல் 23. பாட்காஸ்டுகளுக்கு ஆப்பிள் நிறுவனம் பரிந்துரைப்பது கழித்தல் 16. கைப்பேசியில் கேட்பவர்க்குப் பின்னதே ஏற்றது என்பது என் எண்ணம். குரலை உயர்த்தும்போது மின்விசிறியின் இரைச்சலும் கூடவே உயரும் என்பதை மறக்கலாகாது. பேச்சுக்கும் பின்னணிக்கும் 20 டெசிபெல் இடைவெளியாவது உண்டா என்று பார்த்துச் சொல்ல, ‘கான்ட்ராஸ்ட்’ என்றொரு கட்டளையும் அதே மென்பொருளில் இருக்கிறது.

இங்கே ஒரு பொறி உண்டு. திரைவாசிப்பான் பேசும்போது மற்ற ஒலிகளைத் தானே தாழ்த்தும் ‘ஆடியோ டக்கிங்’ வசதி 2016 முதல் என்.வி.டி.ஏ.யில் உள்ளது. அன்றாடத்துக்கு நல்லதுதான், ஒலியளவைச் சோதிக்கும்போது அது இயங்கினால், நல்ல பதிவும் தணிந்து கேட்கும். அதை முதலில் நிறுத்திவிட வேண்டும். 2024-இல் வந்த ‘சவுண்ட் ஸ்பிளிட்’ வசதியைக் கொண்டு திரைவாசிப்பானை ஒரு காதிலும் பதிவை மறு காதிலும் கேட்கலாம். பதிவு செய்யும் நேரத்தில் ஸ்பீக்கரை அணைத்து இயர்போன் அணியாவிட்டால், திரைவாசிப்பானின் குரலும் நாவலில் ஒரு பாத்திரமாக நுழைந்துவிடும்!

கோட்டைக்குள்ளே நவராத்திரி மண்டபத்தில் கவிழ்த்து வைத்த மண்குடங்கள் பாட்டின் ஓசையைச் சீராக்குகின்றன என்பார்கள். அந்தச் சீரைத் தீர்மானித்தது காதாகத்தான் இருக்க வேண்டும். நம் வேலையிலும் எண் பாதி வழிதான் கொண்டுசெல்லும். படிப்பவர் அழும் குரலில் ஒரு கட்டத்தைத் தணித்துப் படித்திருந்தால், அதை எந்திரத்தின் சொல்லுக்காக உயர்த்துவது பிழை. பகலெல்லாம் திரைவாசிப்பானைக் கேட்டே வாழும் ஒருவர் இத்தகைய இடங்களை உன்னிப்பாகவே கேட்பார். இதற்குக் கூலி கொடுத்து அவரை அமர்த்துவதில் எந்தத் தயவுமில்லை.

அனுப்புமுன் ஒரு சோதனை எஞ்சியிருக்கிறது. ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசிப் பத்து நொடியையும் அடுத்ததன் முதல் பத்து நொடியையும் சேர்த்து, ஒலிக்குமிழைத் தொடாமல் கேளுங்கள். கை தானாகக் குமிழை நாடினால், அந்த அத்தியாயத்தை மறுபடி திறக்க வேண்டும்.