எண்ணுக்கு ஒரு வகுப்பு, எழுத்துக்கு ஒரு வகுப்பு வேண்டுமா?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் சமுதாயக் கூடத்தில் 3 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்கு எழுத்து வகுப்பு ஒன்றும் எண் வகுப்பு ஒன்றும் தொடங்கலாம் என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் இரண்டையும் பிரிக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

ஐம்பது வரை கடகடவென்று சொல்லும் குழந்தையிடம், "நாலு தக்காளி எடுத்துக் கொடும்மா" என்று கேட்டுப் பாருங்கள். சில குழந்தைகள் கைக்கு வந்ததை அள்ளிக் கொடுக்கும். எண்ணி முடிக்கும்போது கடைசியில் சொல்லும் எண்தான் மொத்தம் என்பது அதற்கு இன்னும் பிடிபடவில்லை. பல குழந்தைகளுக்கு மூன்றரை, நாலு வயதில்தான் அது புரியும். பயப்பட வேண்டியதில்லை.

அது புரிவதற்குச் சொற்கள் வேண்டும். அதிகம், குறைவு, முன்னால், பின்னால், நடுவில், இன்னும் ஒன்று. இவை கணக்குக்கும் வேண்டும், கதைக்கும் வேண்டும். முதலில் யார் வந்தார், பிறகு என்ன நடந்தது என்று தெரியாமல் கதை ஏது?

கிரெக் டங்கனும் சக ஆய்வாளர்களும் அமெரிக்கா, கனடா, பிரிட்டனில் குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த 6 ஆய்வுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்து, 2007இல் முடிவை வெளியிட்டார்கள். பள்ளியில் சேரும்போது குழந்தைக்கு இருந்த கணக்குத் திறன், பின்னாளில் அதன் கணக்கோடு மட்டுமல்ல, வாசிப்போடும் தொடர்புடையதாக இருந்தது. நம் அரசும் 2022இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை கொண்டுவந்த திட்டத்துக்கு 'எண்ணும் எழுத்தும்' என்றுதான் பெயர் வைத்தது.

இதற்குப் பணம் கட்டத் தேவையில்லை. லிஃப்டில் ஏறும்போது, "நாம இப்போ ரெண்டாவது மாடி. அஞ்சாவது மாடிக்கு இன்னும் எத்தனை?" என்று கேளுங்கள். கீழே உள்ள பெயர்ப் பலகையில் நம் வீட்டு எண்ணையும் பெயரின் முதல் எழுத்தையும் குழந்தையே தேடட்டும். இரவில் கதை வாசிக்கும்போது நிறுத்தி, "இந்தப் படத்துல காக்கா அதிகமா, குருவி அதிகமா?" என்று கேளுங்கள். தப்பாகச் சொன்னால் திட்டாமல், விரல் வைத்துச் சேர்ந்து எண்ணுங்கள்.

ஆகவே, இரண்டு வகுப்புக்குப் பதிலாகச் சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் கதை நேரம் வைப்போம். ஒர்க்‌ஷீட் வேண்டாம். நம் வளாகத்துத் தாத்தா பாட்டிகள் முறை வைத்து வாசிக்கட்டும். விருப்பமுள்ளவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.