கித்தார் ஒலி காதைக் குத்தாமல் இருக்க



நம் தோட்டங்களில் கோயில் திருவிழா என்றாலும் கலியாணம் என்றாலும் இளைஞர்களின் இசைக்குழு மேடை ஏறுவது வழக்கம். சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கித்தாரும் ஒலிபெருக்கிப் பெட்டியும் வாங்கி, நம் பிள்ளைகள் வாசிப்பது பெருமைக்குரியதே. ஆனால் அந்த இசை சில வேளைகளில் ஊசி போலக் காதைக் குத்துகிறது. அது ஏன், அதை எப்படி அடக்கலாம் என்பதே இன்றைய உரையின் பொருள்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டத்துத் திருவிழாவில், என்னிடம் படித்த மாணவன் ஒருவன் கித்தார் வாசித்தான். முன்னால் பாயில் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர், "வாத்தியாரே, பையன் நல்லாத்தான் வாசிக்கிறான். ஆனா காதுக்குள்ள கம்பிய விட்டுக் குடையற மாதிரி இருக்கு" என்று சொல்லி எழுந்து போய்விட்டார். இடைவேளையில் இதை அவனிடம் சொன்னேன். "இல்லீங்க ஐயா, எனக்கு மந்தமாத்தான் கேக்குது. ட்ரெபிளை இன்னும் கொஞ்சம் ஏத்தலாமுன்னு இருந்தேன்" என்றான்.

பாட்டி சொன்னது உண்மை. அவன் சொன்னதும் உண்மை. எப்படி?

விடியுமுன் பால்மரம் வெட்டப் போனவர்களுக்கு நெற்றி விளக்கு தெரியும். அதன் வெளிச்சம் நேர் எதிரே மட்டும் பாயும்; பக்கத்தில் நிற்பவர் இருட்டில்தான் இருப்பார். வீட்டில் ஏற்றும் மண்ணெண்ணெய் விளக்கோ நாலாபுறமும் ஒளி தரும். ஸ்பீக்கரும் இவ்வாறே இரண்டு விதமாக வேலை செய்கிறது. தாழ்ந்த ஒலி மண்ணெண்ணெய் விளக்கைப் போல் பரவும். உயர்ந்த ஒலி நெற்றி விளக்கைப் போல் நேராகப் பாயும்.

காரணம் இதுதான். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. விநாடிக்கு 100 முறை அதிரும் ஒலியின் ஓர் அலை 3.4 மீட்டர் நீளம். 4,000 முறை அதிரும் ஒலியின் அலையோ எட்டரை சென்டிமீட்டர்தான். கித்தார் பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது 12 அங்குல ஸ்பீக்கர். அதாவது சுமார் 30 சென்டிமீட்டர். அலை ஸ்பீக்கரைவிட மிக நீளமாக இருந்தால் எல்லாப் பக்கமும் பரவும். மிகக் குட்டையாக இருந்தால் கற்றையாகி முன்னே பாயும்.

பெட்டி தரையில் இருக்கிறது. வாசிப்பவன் அதன் பக்கத்தில் நிற்கிறான். கற்றை அவன் முழங்காலைத் தாண்டிப் போகிறது. காதுக்கு மந்தமான ஒலிதான் எட்டுகிறது. உடனே ட்ரெபிளை ஏற்றுகிறான். பாயில் உட்கார்ந்திருப்பவர்களின் காது கற்றைக்கு நேராக இருக்கிறது. 2,000 முதல் 5,000 வரையிலான அதிர்வுகளை நம் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் என்பதால், குத்தலும் அங்கே அதிகம்.

மறுநாள் மாலை அந்த மாணவனைப் பள்ளிக்கு அழைத்தேன். பாட்டி இருந்த தூரத்தில் அவனைத் தரையில் உட்கார வைத்து, அதே அளவில் இன்னொரு பையனை வாசிக்கச் சொன்னேன். சிறிது நேரங்கூடப் பொறுக்கவில்லை. தானே எழுந்து போய் ட்ரெபிளைக் குறைத்தான்.

இளைஞர்களே, முதல் மருந்து இதுவே: நிகழ்ச்சிக்கு முன் ஒருவரை வாசிக்கச் சொல்லிவிட்டு, சபையில் நீங்கள் உட்கார்ந்து கேளுங்கள்.

இரண்டாவது, பெட்டியை ஆடாத மேசைமேல் தூக்கி வையுங்கள். அல்லது அதன் முகம் உங்கள் காதை நோக்கும்படி பின்புறமாகச் சாய்த்து வையுங்கள். அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம் 1960-களிலேயே ட்வின் ரிவர்ப் போன்ற பெட்டிகளுக்குச் சாய்ப்புக் கால்கள் பொருத்தியது. தன் காதில் குத்தினால் யாரும் தானே குறைத்துக்கொள்வார்கள்.

மூன்றாவது, பஞ்சு வளையம். மெத்தைக்குப் போடும் ஸ்பாஞ்சில் ஓர் அங்குலத் தடிப்புள்ளதை எடுங்கள். வாயால் ஊதினால் காற்று ஊடுருவ வேண்டும், ஊடுருவாதது உதவாது. ஸ்பீக்கர் அளவுக்கு வட்டமாக வெட்டி, நடுவே மூன்று அங்குலத் துளை இட்டு, பெட்டியின் முன்துணி மேல் துளை ஸ்பீக்கரின் மையத்துக்கு நேராக இருக்கும்படி பொருத்துங்கள். ஓரத்திலிருந்து வரும் உயர்ந்த ஒலியைப் பஞ்சு அடக்கும். நடுவிலிருந்து வருவது சிறிய ஸ்பீக்கரிலிருந்து வருவது போல் அகலமாகப் பரவும். தாழ்ந்த ஒலிக்குப் பஞ்சு தடையாகாது. பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் உள்ளே ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

பெற்றோர்களே, பஞ்சு குத்தலைத்தான் குறைக்கும். மொத்தச் சத்தத்தைக் குறைக்காது. அமெரிக்கத் தொழில் சுகாதார ஆய்வு நிறுவனம் 1998-இல் வகுத்த அளவின்படி, 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம். 100 டெசிபலிலோ 15 நிமிடந்தான். கருவி இல்லாமலும் இதை உணரலாம். கை எட்டும் தூரத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தால், அந்தச் சத்தம் அதிகம் என்று கொள்ளுங்கள். பிள்ளைகளைப் பெட்டிக்கு முன்னால் உட்கார வைக்காதீர்கள். அங்கே தூங்கவும் விடாதீர்கள்.

நான் சொல்வதெழுதுதல் நடத்தும் ஆசிரியன். அதிகச் சத்தம் காதைக் கெடுக்கும்போது முதலில் போவது உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன். அது போனால் குரல் கேட்கும். சொல் தெளிவாகக் கேட்காது. 'பசி' என்றேனா 'பதி' என்றேனா என்று பிள்ளை விழிக்கும். அப்படிக் கெட்ட காது மீண்டும் முளைப்பதில்லை. கவனக்குறைவு என்று நாம் அந்தப் பிள்ளையைத் திட்டிக்கொண்டிருப்போம்.

அடுத்த திருவிழாவுக்கு அதே மாணவன் வாசித்தான். பெட்டி மேசைமேல் சாய்ந்திருந்தது. முன்னால் பஞ்சு வளையம் இருந்தது. அந்தப் பாட்டி கடைசிப் பாட்டு வரை பாயைவிட்டு எழவில்லை.