தொலைவை எங்கிருந்து அளப்பது?

புவியியல் பற்றி ஆண்டுதோறும் ஒருவர் பேச வேண்டும் என்று இந்த அறக்கட்டளையை நிறுவிய பெரியவர் ஏற்பாடு செய்தார். சண்டை போடக் கூடாது என்று பத்திரத்தில் எழுதி வைக்கவில்லை.

என் வழக்கு முன்வரிசையில் இருக்கும் துறை நண்பர்களுக்குத் தெரிந்ததுதான். ஏழைகளுக்கு மருத்துவம் எட்டுகிறதா என்று பார்க்க, வரைபடத்தில் வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் இடையே கோடு இழுக்கிறோம். கோடு குட்டையானால் பச்சை, நீண்டால் சிவப்பு. கோட்டில் பிழையில்லை, தொடங்கும் புள்ளிதான் தவறு என்று எத்தனையோ கருத்தரங்குகளில் சொல்லியாயிற்று.

சென்னைக்குத் தெற்கே உள்ள பெரும்பாக்கத்தை எடுத்துக்கொள்வோம். 1970-இல் உருவான குடிசை மாற்று வாரியம் முதலில் நகருக்குள்ளேயே அடுக்குமாடி கட்டியது. 2000-க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று தெற்கே போய்க்கொண்டே இருந்தது. 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பெரும்பாக்கத்து எட்டு மாடிகளுக்கு ஏற்றப்பட்டன. நம் வரைபடத்தில் அந்த இடம் பச்சை. பக்கத்திலேயே பெரிய தனியார் மருத்துவமனை. இவர்களில் எத்தனை பேர் அதன் படியேற முடியும் என்று வரைபடம் கேட்பதில்லை. சரி, வரைபடத்திலிருந்து அந்த மருத்துவமனையை அழித்துவிட்டு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தை மட்டும் வைப்போம். அப்போதும் கோடு குட்டைதான். ஆனாலும் சர்க்கரை மாத்திரைக்கு ராயப்பேட்டை அரசு மருத்துவமனைக்கே வருகிறவர்கள் உண்டு. 'பழக்கதோஷம்' என்றார் ஒரு நண்பர். அவரும் இங்கே வந்திருக்கிறார், மகிழ்ச்சி.

பழக்கமில்லை ஐயா, கணக்கு. பெரும்பாக்கத்தில் குடியிருந்து, நகருக்குள் மந்தைவெளியில் நாலு வீட்டில் வேலை பார்க்கும் ஓர் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். விடியுமுன் பஸ் ஏறினால்தான் முதல் வீட்டில் வாசல் தெளிக்கலாம். அரசு மருத்துவமனைகளில் ஓ.பி. பெரும்பாலும் காலையில். பெரும்பாக்கத்தில் சீட்டு வாங்கி உட்கார்ந்தால் நாலு வீடும் போயிற்று. ராயப்பேட்டையில் உட்கார்ந்தால் ஒரு வீடு, மிஞ்சினால் இரண்டு. வீட்டிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தள்ளி, வேலையிடத்துக்கு அருகே இருப்பதுதான் அவருக்குப் பக்கம். 2021 முதல் சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. செலவு டிக்கெட்டில் இல்லை, பிடித்துக்கொள்ளும் சம்பளத்தில் இருக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் லீவு கேட்கலாம். மாதாமாதம் கேட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்கள். அதனால் மாத்திரை தீர்ந்த பிறகும் ஒரு வாரம் தள்ளிப்போகிறது, பிறகு இரண்டு வாரம். காலில் புண் ஆறாமல் வார்டில் சேரும்போது, 'நோயாளியின் அலட்சியம்' என்று நம் அறிக்கைகள் எழுதும்.

மருத்துவம் எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் குறைவாகக் கிடைக்கிறது என்று வேல்ஸ் மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971-இல் எழுதினார். 'எங்கே' என்பதோடு 'எத்தனை மணிக்கு' என்பதையும் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி.

இதே போல் ஏமாற்றும் மாநகராட்சி வார்டு சராசரி பற்றித் தனியே ஒரு பகுதி வைத்திருந்தேன், நேரமில்லை. மயிலாப்பூர்க் குளக்கரை வீடுகளையும் பக்கிங்காம் கால்வாய்க் கரைக் குடிசைகளையும் கூட்டி வகுத்தால் வரும் எண்ணுக்குரிய மனிதர் மயிலாப்பூரிலேயே இல்லை.

மாணவர்களுக்குச் சில ஆய்வுத் தலைப்புகள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம், பகலெல்லாம் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு மாத்திரையை எப்படிச் சேர்க்கிறது? 2023-இல் வந்த நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் மாலையிலும் திறந்திருக்கின்றன. அந்நேரம் அந்த அம்மா எந்தப் பஸ்ஸில் இருப்பார்? இரவுக் காவலாளிகளை யாராவது எடுத்துக்கொள்ளலாம். தி.நகர் துணிக்கடைப் பெண்களையும்: உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் சட்டத் திருத்தம் வந்துவிட்டது, ஆனால் கடை விடுதியில் தங்கி, ஊரில் குடும்ப அட்டை வைத்திருப்பவர்களுக்குக் கோட்டை எந்தப் புள்ளியில் தொடங்குவது என்பதை இன்னும் யாரும் தீர்க்கவில்லை.